வடக்கு பார்த்த அறை

முதல் தடவை சுண்ணாம்புக் கோடு போட்டபோது மதலேனாளுக்கு ஓர் அறை இருந்தது. அதை யாரும் இல்லையென்று சொல்லிவிட முடியாது. அந்த அறைக்குள் அவள் நின்றிருக்கிறாள். இரண்டு கையையும் அகல விரித்துப் பார்த்திருக்கிறாள். விரித்த கை எந்தப் பக்கமும் கோட்டைத் தொடவில்லை.

புதூர்நாட்டுக்கு மேலே, சாமைக் கொல்லைகளை ஒட்டி ஒரு மேட்டு நிலம். மதலேனாளின் அப்பா அடைக்கலம் வாத்தியார் அவள் பேருக்கு எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடிய நிலம். எண்பத்திரண்டாம் வருஷம் மழை ஓய்ந்த கையோடு அங்கே அவள் புருஷன் சந்தியாகப்பன், அடியில் ஓட்டை போட்ட ஒரு பால் டப்பாவில் சுண்ணாம்புத் தூளை நிரப்பித் தூவிக்கொண்டே நடந்தான். மெட்ராஸில் பேர் வாங்க ஆரம்பித்திருந்த ஆர்க்கிடெக்ட் அவன். கட்டப்போகிற வீட்டைத் தாளில் வரைந்துவிட்டு அத்தோடு நிறுத்துகிற ஆள் இல்லை. வீடு எவ்வளவு பெரிசோ அவ்வளவு பெரிசாகத் தரையிலேயே கோடு போடுவான். அதற்குள் நடந்து, உட்கார்ந்து, படுத்துக்கூடப் பார்த்துவிட்டுத்தான் கடைக்கால் தோண்டச் சொல்வான். பிடிக்கவில்லையென்றால் துடைப்பத்தால் அழித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவான்.

"இதோ, இது உன்னோட ரூம் மதலேன்," என்று பலாமரத்துப் பக்கம் காட்டினான். "முழுக்க வடக்கு. இந்தச் சுவர் பூரா கண்ணாடி."

படம் வரைகிறவர்களிடம் வடக்கு வெளிச்சம் என்று சொல்லிப் பாருங்கள், ஒரு பாட்டம் பேசித் தீர்ப்பார்கள். வடக்கு ஜன்னலில் வெயில் ஏறிக் குதிக்காது, வெளிச்சம் மட்டும் வரும். காலையில் தொட்ட நிறம் சாயங்காலம் வரைக்கும் அதே நிறமாக இருக்கும். மதலேனாள் மெட்ராஸில் ஓவியக் கல்லூரியில் படித்தவள். கடைசி வருஷம் அவள் போட்ட ஒரு படத்தின் முன்னால் நின்று நின்றுதான் சந்தியாகப்பன் அவளிடம் பேச்சே கொடுத்தான். "உங்க கை போட்ட கோட்டை எங்க பார்த்தாலும் நான் கண்டுபிடிச்சுடுவேன்" என்றான் அப்போது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் அவனுக்குக் கழுத்தை நீட்டினாள் என்று சொன்னாலும் பொய்யில்லை.

கல்யாணமாகிப் புரசைவாக்கத்தில் ஒரு போர்ஷனில் குடித்தனம். படச்சட்டம் நிற்கிற ஸ்டாண்டை விரித்தால் கட்டிலை மடக்க வேண்டும், கட்டிலை விரித்தால் ஸ்டாண்டை மடக்க வேண்டும். எது மடங்கியே கிடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய எண்ணெய் வண்ணக் குழாய்கள் பெட்டிக்குள்ளேயே இறுகிப்போயின. "கொஞ்சம் பொறு மதலேன். மலையில உங்கப்பா நிலம் சும்மாதானே கிடக்கு? அங்க ஒரு வீடு கட்டி உனக்கு வடக்கு வெளிச்சம் தர்றேன்" என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்தான். இதோ, சொன்னதைச் செய்யப் பால் டப்பாவோடு வந்து நிற்கிறான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வராதா பின்னே?

சும்மா சொல்லக் கூடாது, சந்தியாகப்பன் கெட்டவன் இல்லை. குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது, பெண்டாட்டியை ஒரு நாள் வாடி போடி என்றது கிடையாது. கெட்டவனாக இருந்திருந்தால் அவள் என்றைக்கோ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கு நின்றிருப்பாள். நல்லவனிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

கோடு போட்ட மறுநாளே அவனுக்கு வேறொரு யோசனை வந்துவிட்டது. "நம்ம ரெண்டு பேருக்கு எதுக்கு மதலேன் இவ்வளவு பெரிய வீடு? பிள்ளையா, குட்டியா? உன்னை மாதிரி இடமில்லாமத் தவிக்கிற ஆர்ட்டிஸ்டுங்க எத்தனை பேர் இருக்காங்க! வரட்டும். மாசக் கணக்குல தங்கட்டும். வரையட்டும், செதுக்கட்டும். நம்ம வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு வேலை செய்யட்டும். வீடும் நம்மளுது, கலைஞர்களுக்கும் ஒரு இடம். இப்படி ஒண்ணு நம்ம பக்கத்துல எங்கயும் கிடையாது."

அவன் கண் அப்படி மின்னியது. கேட்டதும் மதலேனாளுக்கும் பிடித்துத்தான் போயிற்று. தவிப்பு என்ன என்று தெரிந்தவள் அல்லவா?

இரண்டாவது தடவை கோடு போட்டபோது வருகிறவர்களுக்கு அறைகள் முளைத்தன. அவள் அறை கொஞ்சம் ஒடுங்கியது. "நாலடிதான் போகுது, ஒண்ணும் தெரியாது" என்றான். சரிங்க என்றாள். மூன்றாவது தடவை, அறை அறையாக வெட்டினால் வெளிச்சம் துண்டு துண்டாகிப் போகிறது என்று வடக்குப் பக்கம் முழுவதையும் ஒரே பொது ஸ்டூடியோவாக ஆக்கினான். "நீயும் அதுலதானே வரையப் போற" என்றான். சரிங்க என்றாள். அவளுடைய அறை மேற்கே, அடுப்படிக்குப் பக்கத்துக்குப் போயிற்று. அப்புறம், மெட்ராஸிலிருந்து வந்து பார்த்த ஒரு சிற்பி, கல் செதுக்குகிறவனுக்குத் தனியாக ஒரு மூலை வேண்டும், தூசி பறக்கும் என்றார். நியாயம்தானே? கோடு மறுபடியும் அழிந்தது. கடைசியில், "இத்தனை பேருக்கு அரிசி பருப்பு வைக்க எடம் வேணுமே, உன் ரூம்ல ஒரு பக்கம் மட்டும் அலமாரி அடிச்சுக்கலாம்" என்றான். ஒரு பக்கம் மூன்று பக்கமாகிக் கோட்டின் மேல் அவனே கரித்துண்டால் 'ஸ்டோர்' என்று எழுதினான். அதற்கும் சரிங்க என்றாள்.

இந்தச் 'சரிங்க'வை அவள் வாயில் ஊட்டி வளர்த்தவர்களைக் கட்டி வைத்து உதைக்க வேண்டும். படிக்கிற காலத்தில் வாத்தியாரோடு வாதாடி ஜெயித்த பெண் அவள். தாலி ஏறியதும் அந்த நாக்கு எங்கே போய்ப் படுத்துக்கொண்டதோ.

கல் சுமக்கவும் மண் குழைக்கவும் வந்த மலைக்காரப் பெண்களில் செல்லியம்மாள் என்று ஒருத்தி. மதலேனாள் வயதுதான் இருக்கும். இவள் ஒரு சொல் சொன்னால் மற்ற பெண்கள் கூடையை இறக்கி வைப்பார்கள், இன்னொரு சொல் சொன்னால் தூக்குவார்கள். முதலில் வாங்க, சொல்லுங்க என்றுதான் பேசினாள். ஒன்றாக உட்கார்ந்து களி தின்ற பிறகு 'நீ' என்று வந்துவிட்டது. "இன்னாம்மா, அய்யா காலையில கோலம் போடறாரு, சாயங்காலம் பெருக்கறாரு? வூடு கட்டுவாரா, கோலந்தானா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைப்பாள்.

கடைசிக் கோடு போட்டு முடித்த அன்றைக்கு அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கழுத்தைத் தடவிக்கொண்டே கோடுகளுக்குள் நடந்து பார்த்தாள்.

"இது யாருக்கும்மா?"

"வர்றவங்களுக்கு."

"இது?"

"அதுவும் வர்றவங்களுக்குத்தான்."

"இந்தாண்ட இவ்ளோ பெரிசா கீதே?"

"அங்க எல்லாரும் உக்காந்து படம் போடுவாங்க."

"ஒனக்கு எங்க?"

மதலேனாள் ஸ்டோர் என்று எழுதியிருந்த இடத்தைப் பார்த்தாள். அதற்குள் அவளும் ஒரு அரிசி மூட்டையும் சேர்ந்து நின்றால் திரும்ப முடியாது. சிரித்து வைத்தாள்.

செல்லியம்மாள் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "வர்றவங்க ஆம்பளைங்களா?"

"முக்கால்வாசி ஆம்பளைங்கதான்."

"அவங்களுக்கு நீ ஆக்கிப் போடுவியா?"

"சமையலுக்கு ஆள் வைக்கிறேன்னு சொல்லியிருக்கார்."

"அது கெடக்கட்டும். தூரமானா நீ எங்க குந்துவே?"

"எங்கயும் போக மாட்டேன். உள்ளயேதான் இருப்பேன். எங்கள்ல அதெல்லாம் பாக்கிறதில்லை."

செல்லியம்மாள் நம்பவில்லை. அவளுடைய ஊரில், வீடுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒதுங்கினாற்போல ஒரு மண் குடிசை உண்டு. முட்டு வூடு என்பார்கள். மாதாமாதம் அந்த நாட்களில் பெண்கள் அங்கேதான் இருப்பார்கள். ஐப்பசியில் கூரை ஒழுகும், குளிர் எலும்பைப் பிடிக்கும், அதைச் செல்லியம்மாள் திட்டாத திட்டில்லை. ஆனால் அங்கே இருக்கிறவரைக்கும் தண்ணி கொண்டா, சோறு போடு என்று ஒருத்தன் வந்து நிற்க முடியாது. ஆம்பளை நிழலே அந்தப் பக்கம் விழாது. அப்படியிருக்க, ஊர் பேர் தெரியாத ஆண்கள் படுக்கிற கூரைக்குக் கீழே ஒரு பெண்ணுக்கு ஒதுங்க இடமே இல்லையென்றால் என்ன அர்த்தம்? அய்யா ஆம்பளை, அவருக்குத் தோன்றியிருக்காது. அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு கேட்காமல் இருக்கிறாள். செல்லியம்மாள் போட்ட கணக்கு இவ்வளவுதான்.

வீடு கூரை மட்டத்துக்கு வந்ததும் சந்தியாகப்பன் ஸ்டூடியோ கண்ணாடிகளை லாரியில் ஏற்றி வர மெட்ராஸுக்குப் போனான். அவன் தலை மறைந்ததும் பெண்களெல்லாம் சேர்ந்து, பலாமரத்துக்கு அந்தாண்டை, வடக்கே, மண்ணைக் குழைத்துச் சுவர் வைக்க ஆரம்பித்தார்கள். மதலேனாள் சட்டி மண்வெட்டி வைக்கக் கொட்டகை போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கேட்டதற்கு, "நீ பேசாம இரும்மா" என்றுவிட்டாள் செல்லியம்மாள். மஞ்சம்புல் வேய்ந்து, சாணம் மெழுகி, எல்லாம் முடிந்த பிறகு அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"குனிஞ்சு வா. தல இடிக்கும். இது ஒனக்கு. யாரும் வர மாட்டாங்க. அய்யாகூட வரக் கூடாது, சொல்லிப்புடு."

மதலேனாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கூச்சமாகவும் கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. மாதா கோயிலில் வளர்ந்து மெட்ராஸில் படித்தவளுக்கு இதையா கட்டித் தருவது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கண் இருட்டுக்குப் பழகிவிட்டது.

குடிசை வீட்டுக்கு முதுகைக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வீடு தெற்கே இருக்கிறது. அதனால் குடிசையின் ஒரே வாசல் வடக்கே பார்த்திருந்தது. அந்த வாசல் வழியாக வெளிச்சம் வந்து மண் சுவரில் அசையாமல் நின்றது. வெயில் இல்லை, கண் கூசவில்லை, வெறும் வெளிச்சம். மதலேனாள் தன் கையை நீட்டி அதில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல் கணுவில் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டாள். "அழுவாதம்மா, எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான்" என்று செல்லியம்மாள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவள் எதற்கு அழுகிறாள் என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

சந்தியாகப்பன் கண்ணாடியோடு திரும்பி வந்தவன், கண்ணாடியை மறந்துவிட்டுக் குடிசையைத்தான் சுற்றிச் சுற்றி வந்தான். காமிராவை எடுத்து எல்லாப் பக்கமும் படம் பிடித்தான். "பாரு மதலேன், இதுல ஒரு இஞ்ச்கூட வேண்டாதது இல்லை! எனக்கு இது தோணவே இல்லையே" என்று வாய் ஓயாமல் சொன்னான். எதற்காகக் கட்டினார்கள் என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "உனக்கா? பாவம், நல்ல மனசு. சரி, இருந்துட்டுப் போகட்டும். விறகு போட்டுக்கோ."

"சரிங்க" என்றாள். வாழ்க்கையிலேயே அவள் சந்தோஷமாகச் சொன்ன சரிங்க அது ஒன்றுதான்.

வீடு முடிந்தது. அழகான வீடு, அதில் பேச்சே இல்லை. பூசாத கருங்கல் சுவர், படிப்படியாக இறங்குகிற தரை, கூரையிலிருந்து தரை வரைக்கும் கண்ணாடி. மெட்ராஸிலிருந்தும் பம்பாயிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மலைக்காரர்கள் 'படக்காரங்க வூடு' என்று பேர் வைத்தார்கள். திருப்பத்தூரிலிருந்து கூட்டி வந்த சமையல்காரன், இங்கே ஒரு சினிமாக் கொட்டகைகூட இல்லையே என்று சொல்லி முதல் மாதமே கம்பி நீட்டினான். "வேற ஆள் கிடைக்கிற வரைக்கும்" என்றான் சந்தியாகப்பன். அந்த வேற ஆள் கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை. காலையில் காபி, பலகாரம், மத்தியானச் சாப்பாடு, வெந்நீர், சாயங்காலக் காபி, ராத்திரிக்குச் சப்பாத்தி. ஒருவருக்குக் காரம் ஆகாது, ஒருவருக்குத் தயிர் இல்லாமல் இறங்காது.

பொது ஸ்டூடியோவில் ஒரு நாள் அவள் தன் ஸ்டாண்டைக் கொண்டுபோய் ஒரு மூலையில் வைத்துப் பார்த்தாள். பிரஷ்ஷை நனைப்பதற்குள் ஒருத்தர், "அம்மா, உங்க நிழல் என் போர்டுல விழுது, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். தள்ளிக்கொண்டாள். இன்னொருத்தர் வெந்நீர் இருக்கிறதா என்றார். போனவள் திரும்பவில்லை. ஸ்டாண்டை யாரோ ஓரமாகச் சாத்தி வைத்து அதில் துண்டு காயப் போட்டிருந்தார்கள்.

அதற்கப்புறம்தான் குடிசைக்குப் போனாள். மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவியதற்கும் காபித் தண்ணீர் வைப்பதற்கும் நடுவே கிடைக்கிற நேரம் அவளுக்கு. விறகை ஒரு பக்கம் ஒதுக்கினாள். குழாய்களைக் கத்தியால் கீறி, உள்ளே ஈரமாக இருந்ததை வழித்தெடுத்தாள். கை முதலில் கேட்கவில்லை. படம் போடுகிற துணி இரண்டைப் பாழாக்கினாள். மூன்றாவது துணியில் செல்லியம்மாளின் உருவம் வந்தது. தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு, யாரும் பார்க்காதபோது ஒரு கணம் பின்கழுத்தைத் தடவிக்கொள்கிறாளே, அந்தச் செல்லியம்மாள். அந்த மண் சுவரின் நிறமும் அந்தக் கழுத்தின் நிறமும் ஒன்றையொன்று தொடுகிற இடத்தை மதலேனாள் பிடித்துவிட்டாள். இந்தக் கை இன்னும் சாகவில்லை, கடவுளே, இன்னும் சாகவில்லை என்று வாய்விட்டுச் சொன்னாள்.

வீட்டுக்கு விறகும் தண்ணீரும் கொண்டு வருகிற வேலை செல்லியம்மாளுடையது. ஒரு நாள் வாசலுக்கு வெளியே நின்றபடி கவலையோடு கேட்டாள்: "இன்னாம்மா, மாசத்துல இத்தினி நாளா ஒனக்கு? ஒடம்புக்கு இன்னா? திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரலாமா?"

மதலேனாள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படிச் சிரித்து எத்தனை வருஷமாயிற்றோ. உள்ளே கூப்பிட்டுப் படத்தைக் காட்டினாள்.

"இது நானா?" செல்லியம்மாள் கிட்டே போய், தள்ளி வந்து, மறுபடியும் கிட்டே போய்ப் பார்த்தாள். "என் கழுத்து இம்மாங் கருப்பாவா கீது? எனக்கு எங்க தெரியுது, அது பின்னாடி கீது." தன் பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். "வலிக்கிறது தெரியுதும்மா இதுல" என்றாள்.

அன்றைக்கு மதலேனாள் ஒரு முடிவுக்கு வந்தாள். படத்தை முடிக்க வேண்டும். கையும் முந்தானையும்தான் பாக்கி. முடித்து, அதைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்து, "எனக்கு அந்தக் குடிசை வேணும். அது என்னோட அறை. மத்தியானத்துல நான் அங்க இருக்கிறப்ப என்னை யாரும் கூப்பிடக் கூடாது" என்று கேட்க வேண்டும். கெஞ்சக் கூடாது, கேட்க வேண்டும். படத்தைப் பார்த்தால் அவன் மறுக்க மாட்டான். அவள் கையை அவனுக்குத் தெரியும். எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன் என்று சொன்னவன். அடுப்படியில் நின்று அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். விருந்தாளிகள் எல்லோரும் ஜீப்பில் காவலூருக்கு வானாய்வுக் கூடம் பார்க்கப் போன ஒரு நாள், கையை முடித்துவிட்டாள். முந்தானை மட்டும் மிச்சம்.

அந்த வாரம்தான் அர்ச்சுனன் வந்து சேர்ந்தான்.

கல்லூரியில் அவளுக்கு இரண்டு வருஷம் மூத்தவன். இப்போது டெல்லி, பம்பாய் என்று பேர் அடிபடுகிற ஓவியன். அவன் வந்து தங்கினால் வீட்டைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவார்கள் என்று சந்தியாகப்பன் தரையில் கால் பாவாமல் திரிந்தான். அர்ச்சுனன் ஸ்டூடியோவுக்குள் வந்து கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நின்றான். வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பலாமரத்துக்கு அப்பால், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற குடிசையைப் பார்த்தான்.

"சந்தியாகு, உன் வீடு பிரமாதம். கோவிச்சுக்காதே, எனக்கு அதைக் குடுத்துடு. நான் அங்க இருந்துக்கறேன்."

"தாராளமா! எனக்கே அதுதான் ரொம்பப் பிடிச்ச இடம்" என்றான் சந்தியாகப்பன். காபியோடு வந்த மதலேனாளைத் திரும்பிப் பார்த்து, "விறகை வேற எங்கயாவது மாத்திட்டு லேசா மெழுகி விட்டுடறியா மதலேன்?" என்றான்.

"அது வந்துங்க..."

"என்ன?"

"அதுல ஒரு சாமான் இருக்கு."

"எடுத்துடலாம், அதுக்கென்ன" என்று அவன் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தான். அர்ச்சுனன் பின்னாலேயே போனான். அவள் காபி டம்ளர்களைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினாள். ஓடுகிறபோதுகூட, போகட்டும், முந்தானை முடியாவிட்டால் என்ன, அவன் பார்க்கட்டும், இப்படியே பார்க்கட்டும் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

இரண்டு ஆண்களும் குனிந்து உள்ளே நுழைந்தார்கள். படம் வெளிச்சத்தில் நின்றிருந்தது. அர்ச்சுனன் நேரே அதன் முன்னால் போய் நின்றான்.

"யாருதுப்பா இது?"

சந்தியாகப்பன் பார்த்தான். கிட்டே போனான். கழுத்தைப் பார்த்தான், மண் சுவரைப் பார்த்தான், பிரஷ் இழுத்த தடத்தை விரலால் தொடாமல் தொட்டுப் பார்த்தான். மதலேனாள் வாசலில் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதோ திரும்பப் போகிறான். இதோ சொல்லப் போகிறான். டம்ளரில் காபி தளும்பி விரலைச் சுட்டது, அவளுக்கு உறைக்கவில்லை.

"போன மாசம் பம்பாய்லேர்ந்து ஒரு பொண்ணு வந்துச்சே, சகுந்தலா. அது விட்டுட்டுப் போயிருக்கும்" என்றான். "மாடல் யாரோ தெரியலை. இல்ல மதலேன், அந்தப் பொண்ணுதுதானே?"

அடப்பாவி மனுஷா. தினமும் உன் வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கிற செல்லியம்மாளைத் தெரியவில்லை, போகட்டும். இந்தக் கையைத் தெரியவில்லையா உனக்கு?

ஒரு வார்த்தை போதும். 'என்னுது' என்று சொன்னால் போதும். அர்ச்சுனன் குதித்திருப்பான், சந்தியாகப்பன் வெட்கப்பட்டிருப்பான், மன்னிப்புக்கூடக் கேட்டிருப்பான், நல்லவன்தானே. ஆனால் சொல்லித்தான் அவனுக்குத் தெரிய வேண்டும் என்றால், தெரிந்து என்ன? அவள் இத்தனை நாளும் காத்துக்கொண்டிருந்தது குடிசைக்காக மட்டும் இல்லை என்பது அந்த நிமிஷம்தான் அவளுக்கே விளங்கியது. வாய் தானாகத் திறந்தது.

"ஆமாங்க" என்றாள்.

"முடிக்காமப் போயிட்டாளே, பாவி" என்று அர்ச்சுனன் தலையை ஆட்டினான். "முடிச்சிருந்தா எங்கயோ போயிருப்பா." அப்புறம் அவளைப் பார்த்து, பழைய சிநேகத்தோடு, "நீயும் நல்லாப் போடுவியே மதலேன், இப்ப ஏதாவது வரையறியா?" என்று கேட்டான்.

"எங்க, நேரமே சரியா இருக்கு" என்று அவனுக்கும் சொல்லிவிட்டாள். காபி ஆறியிருந்தது. வேறு போட்டுக்கொண்டு வருகிறேன் என்று திரும்பி நடந்தாள்.

படத்தை ஸ்டோரில், அரிசி மூட்டைக்குப் பின்னால் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். சகுந்தலாவின் விலாசம் கிடைத்தால் அனுப்பிவிடலாம் என்று சந்தியாகப்பன் சொல்லியிருந்தான். சாயங்காலம் குடிசையை அவளே மெழுகினாள். அர்ச்சுனனின் படுக்கையையும் அவளே விரித்தாள்.

மறுநாள் காலையில் விறகுக் கட்டோடு வந்த செல்லியம்மாள், முட்டு வூட்டிலிருந்து லுங்கி கட்டிய ஓர் ஆம்பளை பல் துலக்கிக்கொண்டே வெளியே வருவதைப் பார்த்தாள். தலைச்சுமையோடு அப்படியே மரமாக நின்றுவிட்டாள். அப்புறம் ஓட்டமாக அடுப்படிப் பக்கம் வந்தாள்.

"இன்னாம்மா இது அநியாயம்! ஒன் வூட்ல ஆம்பளையா? நீயா வுட்டே?"

"அவர்தான் குடுத்தார் செல்லி."

"நீ சொல்லலியா? இது என்னுதுன்னு சொல்றதுக்கு இன்னா?"

மதலேனாள் அடுப்பை ஊதினாள். புகை கண்ணைக் கரித்தது.

செல்லியம்மாளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இந்த வீட்டையும் அய்யாவையும் பல் துலக்குகிறவனையும் சேர்த்து ஏசித் தீர்த்தாள். ஏசி முடித்ததும், இவள் முகத்தைப் பார்த்து, குரல் இறங்கிவிட்டது. "சரி வுடு. ஆம்பள பொழங்கிட்டான், இனிமே அது ஆகாது. நாங்க வேற கட்டித் தர்றோம். ஓடைக்கு அந்தாண்ட, யார் கண்ணுலயும் படாத எடமா, சின்னதா. வாசலை அதே மாரி வச்சிட்டாப் போவுது. நாளைக்கே பொம்பளைங்களைக் கூட்டியாறேன்."

மதலேனாள் நிமிர்ந்தாள். ஒரு கணம் அவள் கண்ணில் அந்த வாசல் தெரிந்தது. வெளிச்சமும் தெரிந்தது. அப்புறம் மிச்சமும் தெரிந்தது. ஓடைக்கு அந்தாண்டை கட்டினாலும் அவன் ஒரு நாள் காலாற நடந்துபோய்க் கண்டுபிடிப்பான். சந்தோஷப்படுவான். சுற்றிச் சுற்றிப் படம் பிடிப்பான். அதற்கும் ஒருத்தன் ஜீப்பில் வந்து இறங்குவான்.

"வேணாம் செல்லி" என்றாள். "நான் உள்ளயே இருந்துக்கறேன்."

"உள்ள எங்கம்மா?"

முன்னறையிலிருந்து சந்தியாகப்பன் கூப்பிட்டான். "மதலேன், அர்ச்சுனன் எழுந்தாச்சு. காபி ஆச்சா?"

"வர்றேங்க" என்று அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள்.

கேட்டதற்குப் பதில் வரும் என்று செல்லியம்மாள் கொஞ்ச நேரம் அடுப்படி வாசலிலேயே நின்றாள். அப்புறம் விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு, கழுத்தைத் தடவிக்கொண்டு தண்ணீருக்குப் போனாள்.